கென்யா மலை: 1899-க்கு அப்புறம் 30 வருஷம் உச்சிக்கு யாருமே போகவில்லையா?

மேகமூட்டம்:
கிளிமஞ்சாரோ உச்சியை ஹான்ஸ் மேயரும் லுட்விக் புர்ட்ஷெல்லரும் 1889-லேயே தொட்டுவிட்டார்கள். அதைவிடக் கிட்டத்தட்ட 700 மீட்டர் குட்டையான கென்யா மலையில் 1899-ல்தான் முதல் ஆள் ஏறியிருக்கிறார், அதற்கப்புறம் 1929 வரை யாரும் இல்லையாம். ஆனால் எங்கள் ஆபீஸில் ஒருவர், நாலே நாளில் ஏறி இறங்கிவிட்டேன் என்று போட்டோ காட்டுகிறார். இது என்ன கணக்கு?

கயிற்றுக்காரன்:
அவர் போனது லெனானா, 4985 மீட்டர். நடந்தே போகலாம், மூச்சு வாங்கும், தலை வலிக்கும், மற்றபடி கயிறு வேண்டாம். நிஜ உச்சி பாட்டியான், 5199 மீட்டர். அதை ஒட்டி நெலியன், 5188. பழைய எரிமலையின் வாய் அரித்துப்போய், உள்ளே இறுகிய கல் மட்டும் செங்குத்தாக நிற்கிறது, அதுதான் இந்த இரண்டும். கிளிமஞ்சாரோவில் வழக்கமான பாதை முழுக்க நடைதான். இரண்டையும் உயரத்தை வைத்து ஒப்பிட்டால் குழப்பம்தான் மிஞ்சும்.

பழைய வரைபடம்:
மேலே சொன்னது சரி. 1899-ல் போன மேக்கிண்டர் ஆக்ஸ்ஃபோர்டில் புவியியல் கற்பித்தவர். ரயில் அப்போதுதான் நைரோபி வரை வந்திருந்தது, அங்கிருந்து சுமைகூலிகளோடு நடை. பஞ்சம், பெரியம்மை, பாதி வழியில் சாப்பாட்டுத் தட்டுப்பாடு. கடைசியில் செப்டம்பர் 13 அன்று உச்சிக்குப் போனது அவரும், அவர் கூட்டிவந்த ஆல்ப்ஸ் வழிகாட்டிகள் செசார் ஒலியே, ஜோசப் புரோசெரல் இருவரும். என்னைக் கேட்டால் பாதிக்கு மேல் பெருமை இந்த இருவருக்குத்தான். பாறை போல இறுகிய பனிக்கட்டியில் கோடரியால் படி படியாக வெட்டிக்கொண்டே குறுக்கே போனார்கள். அந்தப் பனியாற்றுக்கு வைரம் என்றே பெயர் வைத்தார் மேக்கிண்டர். அப்படிப்பட்ட வழிகாட்டி அங்கே அடுத்து வரவில்லை. 1929 ஜனவரியில் காப்பித் தோட்டத்தில் வேலை பார்த்த 21 வயது எரிக் ஷிப்டன், வின்-ஹாரிஸோடு முதலில் நெலியன், அதைத் தாண்டி பாட்டியான் என்று ஏறினார்.

சும்மா_படிப்பவன்:
போர்க்கைதிகள் கதையை விட்டுவிட்டீர்களே! 1943-ல் நன்யூகி முகாமில் இருந்த மூன்று இத்தாலியர்கள், கம்பிவேலிக்குள்ளிருந்து தினமும் இந்த மலையைப் பார்த்துப் பார்த்தே தப்பித்துப் போய் ஏறினார்கள். சுத்தியலை அடித்து பனிக்கோடரி, கட்டில் கயிற்றில் ஏறுகயிறு, வரைபடத்துக்கு இறைச்சி டப்பா லேபிளில் இருந்த மலைப் படம். பாட்டியான் முடியவில்லை, இரண்டு பேர் மட்டும் லெனானாவில் கொடி நட்டார்கள், பிறகு மூவரும் அதே முகாமுக்குத் தாங்களாகவே திரும்பி வந்தார்கள். தண்டனை 28 நாள் தனிச்சிறை, அதையும் முகாம் தளபதி 7 நாளாகக் குறைத்தார். ஆள் ரசிகர் போல.

மேகமூட்டம்:
அருமை! சரி, பாட்டியானுக்கு எந்த மாதம் தோது?

கயிற்றுக்காரன்:
நிலநடுக்கோட்டு மலை என்பதால் ஒரே மலையில் இரண்டு பருவம். ஜூலை முதல் செப்டம்பர் வரை வெயில் வடக்குப் பக்கம், அப்போது வடக்குப் பாறை காய்ந்திருக்கும், தெற்கில் பனி. ஜனவரி, பிப்ரவரியில் அப்படியே தலைகீழ். எந்தப் பக்கம் ஏறப்போகிறீர்கள் என்று முடிவு பண்ணிவிட்டுத்தான் லீவு கேட்க வேண்டும். பழைய வழிக்குறிப்புகளை அப்படியே நம்பாதீர்கள். லூயிஸ் பனியாற்றைத் தாண்டு என்று இருக்கும், அது இப்போது பெரும்பாலும் கரைந்து வெறும் சரளைக்கல்லாகக் கிடக்கிறது.