தங்கச்சிக்குக் கடல் படிப்பு: வழி சொல்லுங்க

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, வணக்கம். எங்களுக்கு ஊர் உவரி, திருநெல்வேலி மாவட்டக் கடற்கரை ஊர். தங்கச்சி இந்த வருசம் பயாலஜி குரூப்ல பிளஸ் டூ முடிச்சிட்டா. கடல் சம்பந்தமாத்தான் படிப்பேன்னு ஒத்தக்கால்ல நிக்கா.

இது திடீர் ஆசை இல்ல. அப்பா கரை ஏறினதும் வலையில சிக்கிக் கிடக்கிற சங்கு, நண்டு, பேர் தெரியாத குஞ்சு மீன் எல்லாத்தையும் பொறுக்கி, பழைய கணக்கு நோட்டுல படம் வரைஞ்சு வச்சிருக்கா. பக்கத்துலயே தேதி, எத்தனை பாகம் (ரெண்டு கையையும் விரிச்ச நீளம் ஒரு பாகம்) ஆழத்துல கிடைச்சது, அன்னைக்கு நீவாடு, அதான் கடல் நீரோட்டம், எப்படி இருந்ததுன்னு அப்பா சொன்னது. நோட்டைத் திறந்தாலே உப்பு வாடை.

தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில நாலு வருச பி.எஃப்.எஸ்சி. (மீன்வள அறிவியல் பட்டப்படிப்பு) இருக்கு. 1977-ல தொடங்கின கல்லூரி. ஆனா கட்-ஆஃப் கிடைக்குமான்னு பயமா இருக்கு. மீனவர் பிள்ளைகளுக்கான ஒதுக்கீட்டுக்கு என்னென்ன சான்றிதழ் இப்பவே வாங்கி வைக்கணும்?

அது அமையலைன்னா ரெண்டு யோசனை. ஒண்ணு, பாளையங்கோட்டையில விலங்கியல் படிச்சிட்டு, மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தோட ராஜாக்கமங்கலம் கடல் அறிவியல் மையத்துல முதுகலை. இல்லன்னா சமுதாயக் கல்லூரியில டிப்ளமோ. டிப்ளமோ முடிச்சவங்க அப்புறம் டிகிரிக்குப் போக முடிஞ்சுதா? இதுதான் எனக்கு முக்கியமான கேள்வி.

விசாரிக்கப் போன ஒரு இடத்துல, "பொம்பளப் பிள்ளைக்கு என்னத்துக்குக் கடல்?"னு கேட்டுட்டாங்க. பஸ்ல வீடு வர்ற வரைக்கும் அவ ஒரு வார்த்தை பேசல. அதனால இந்தப் படிப்பு படிச்ச அக்கா யாராவது இருந்தா, தங்கச்சிகிட்ட பத்து நிமிசம் போன்ல பேசுங்க.