மன்னிப்பு கேட்க எப்படிப் போவது, சொல்லுங்கள்

தங்கச்சிமடத்திலிருந்து எழுதுகிறேன். போன மாதம் கரையில் பங்கு பிரிக்கும்போது, என் படகில் கடலுக்கு வரும் ஒரு பெரியவரை எல்லார் முன்னாலும் திருடன் என்று சொல்லிவிட்டேன், தப்பு என் கணக்கில்தான். அவர் பேசாமல் போய்விட்டார். அதற்குப் பிறகு கோயில் பூசையில் நற்கருணை வாங்கக் கால் எழவில்லை. காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு ஒப்புரவாகச் சொல்லும் மத்தேயு 5:23-24 நெஞ்சை அறுக்கிறது. ஓரியூருக்கும் போய், 1693-ல் புனித அருளானந்தர் விசுவாசத்துக்காக உயிர் கொடுத்த இடத்தில் அழுதுவிட்டு வந்தேன். சரி, அழுதால் மட்டும் போதுமா?

அவர் வீட்டுக்குத் தனியாகப் போவதா, இல்லை எல்லார் முன்னாலும் பழித்ததால் கரையிலேயே எல்லார் முன்னாலும் கேட்பதா? ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கினால் அவர் வெளியூர் வேலைக்குப் போய்விடுவார். இப்படி மன்னிப்பு கேட்டவர்கள் சொல்லுங்கள், அப்புறம் அவருக்காகவும் ஜெபியுங்கள்.