பழைய கூச்சி ஃப்ரேம்ல சஃபிலோன்னு இருக்கு, புதுசுல கெரிங்னு இருக்கு, என்ன கதை?

சோடாபுட்டி

என்கிட்ட ஒரு பழைய கூச்சி ஃப்ரேம் இருக்கு, பெட்டியோட கூட வந்த சீட்ட இன்னும் பத்திரமா வச்சிருக்கேன் (ஏன்னு கேக்காதீங்க), அதுல தயாரிப்பு சஃபிலோ, பாதுவா, இத்தாலின்னு போட்டிருக்கு. இப்போ புதுசா ஒரு கூச்சி பாத்தா சீட்டுல கெரிங் ஐவேர்னு இருக்கு, ஆனா அதுவும் அதே பாதுவா!! ஒரே ஊர்ல ரெண்டு கம்பெனியா, இல்ல பேர மாத்திட்டாங்களா? சஃபிலோன்றது ஒரு குடும்பக் கம்பெனின்னு எங்கயோ படிச்ச ஞாபகம். விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்களேன்.

மூக்குமேல

பேர் மாத்தல சார், ரெண்டும் வேற வேற. சஃபிலோ தபாக்கி குடும்பத்தோடது, அதாவது ஒரு காலத்துல. கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

இத்தாலியோட வடகிழக்குல கடோரேன்னு ஒரு மலைப்பகுதி, அங்க கலால்ட்சோன்னு சின்ன ஊர். 1878ல ஏஞ்சலோ ஃப்ரெஸ்குரான்றவர் அங்க கண்ணாடி ஃபேக்டரி ஆரம்பிச்சார், இத்தாலில முத ஃபேக்டரி அதுதான். விவசாயத்துக்குப் பெருசா நிலம் இல்லாத ஊரு, ஆனா மலைலேர்ந்து தண்ணி வேகமா இறங்குது, அத வச்சே மெஷின ஓட்டினாங்க. அந்த ஃபேக்டரிய 1934ல குல்யெல்மோ தபாக்கி எடுத்து நடத்த ஆரம்பிச்சதுதான் சஃபிலோ. பேருக்குப் பெரிய அர்த்தமெல்லாம் இல்ல, "கண்ணாடி தயாரிக்கும் இத்தாலிய ஃபேக்டரி, பங்கு நிறுவனம்"ன்றத இத்தாலியன்ல சொல்லி முதலெழுத்துக்கள சேத்துட்டாங்க. எலாஸ்தான்னு ஒரு ஸ்பிரிங் கீல் கேள்விப்பட்டிருப்பீங்க, காதுல மாட்டுற சைட வெளிப்பக்கம் கொஞ்சம் வளைச்சாலும் ஒடியாம திரும்ப வந்து நிக்கும், அது இவங்களோடதுதான். சொல்லப்போனா அசல் கண்ணாடிக்காரங்க.

திருப்பம் எங்கன்னா லைசென்ஸ்ல. 80களோட கடைசில ஃபேஷன் பேருங்கள வாங்கி கண்ணாடில போட ஆரம்பிச்சாங்க, கூச்சி, அப்புறம் டியோர், இப்படி. டிசைன், தயாரிப்பு, உலகம் பூரா சப்ளை எல்லாம் சஃபிலோ பாத்துக்கும், பேருக்குச் சொந்தக்காரனுக்கு ராயல்டி போகும். விற்பனை எங்கயோ போச்சு. ஆனா வீடு கட்டுனது வாடகை நிலத்துல!

2001ல விட்டோரியோ தபாக்கி (குல்யெல்மோவோட மகன்) வெளிய இருந்த பங்குகள வாங்கி கம்பெனிய பங்குச்சந்தைலேர்ந்து வெளிய எடுத்தார், அதுக்கு வாங்குன கடன் கம்பெனி தலைலயே உக்காந்துச்சு. 2005ல திரும்ப மிலான் சந்தைக்கு வந்தும் கடன் குறையல, 2008 நெருக்கடி வேற வந்துச்சு, கடைசில ஹால்னு ஒரு டச்சு முதலீட்டு நிறுவனம் உள்ள வந்து எல்லாரையும் விடப் பெரிய பங்குதாரர் ஆயிடுச்சு. குடும்பத்தோட ஆட்சி அதோட முடிஞ்சுது.

சோடாபுட்டி

அட, அப்போ கெரிங் எங்க வருது?

மூக்குமேல

கூச்சிக்குச் சொந்தக்காரங்களே கெரிங்தான். 2014ல "எங்க பேரு, எங்க கண்ணாடி, நாங்களே பண்ணிக்கிறோம்"னு தனியா ஒரு கம்பெனி தொடங்கிட்டாங்க. சஃபிலோவோட ஒப்பந்தம் 2018 வரைக்கும் இருந்துச்சு, ரெண்டு வருஷம் முன்னாடியே முடிச்சுக்கறதுக்கு 9 கோடி யூரோ கொடுத்தாங்க. இதுல மசாலா என்னன்னா, அந்தப் புதுக் கம்பெனிய நடத்த வந்த ரொபெர்தோ வேதொவோத்தோ அதுக்கு முன்னாடி ரெண்டு தடவ சஃபிலோவோட தலைமைப் பொறுப்புல இருந்தவர். ஆபீஸும் அதே பாதுவால ஒரு பழைய மாளிகைல. உங்க சீட்டுல ஊர் மாறாதது அதனாலதான். கைதேர்ந்த ஆளுங்க எல்லாம் அந்தச் சுத்துவட்டாரத்துலதான இருக்காங்க.

இன்னொண்ணு, பிரிஞ்சதுக்கப்புறமும் சில வருஷம் சஃபிலோவே கெரிங்குக்கு கூச்சி ஃப்ரேம் செஞ்சு கொடுத்துச்சு. அதனால 2017, 2018 வாக்குல வாங்கினதா இருந்தா சீட்டு வேற, செஞ்ச கை அதே கையா இருக்க வாய்ப்பு உண்டு.

கண்ணாடிக்காரன்

மேல சொன்னதுல ஒண்ணு ஒத்துக்க மாட்டேன். லைசென்ஸ் எடுத்தது தப்புன்னு சொல்ற மாதிரி இருக்கு. இத்தாலிலயே இன்னொரு பெரிய கண்ணாடிக் கம்பெனி லக்ஸோத்திகா, அதுவும் அதே வேலதான் செஞ்சுது, 1988ல அர்மானின்ற ஃபேஷன் பேரோட ஆரம்பிச்சாங்க. வித்தியாசம் என்னன்னா லெயோனார்தோ தெல் வெக்கியோ (மிலான்ல அநாதை இல்லத்துல வளந்த மனுஷன், 1961ல அகோர்தோல பட்டறை போட்டார், கடோரே பக்கத்து மலைதான்) சொந்தப் பேரையும் கடையையும் சேத்தே வாங்கிக்கிட்டே போனார். 1995ல லென்ஸ்கிராஃப்டர்ஸ்ன்ற அமெரிக்கக் கண்ணாடிக் கடைங்க, 1999ல 64 கோடி டாலருக்கு ரே-பேன், 2007ல ஓக்லி. அர்மானி 2003ல கோவிச்சுக்கிட்டு சஃபிலோ பக்கம் போனப்ப கூட லக்ஸோத்திகா ஆடல, பத்து வருஷம் கழிச்சு அர்மானியே திரும்பி வந்துச்சு. சஃபிலோகிட்டயும் சொந்தப் பேர் இருந்துச்சு, 1996ல கரேராவயும் ஸ்மித்தயும் வாங்கினாங்க, ஆனா ரே-பேன் அளவுக்கு தோள் கொடுக்கிற பேர் அதுல இல்ல. என்னக் கேட்டா சஃபிலோ சறுக்குனதுக்குக் கடனும் அதுவும்தான் காரணம்.

மூக்குமேல

சரி, அந்தப் பாயிண்ட் நியாயம்தான். நான் கடன பாதி பத்தில முடிச்சுட்டேன்.

மலையேறி

எல்லாரும் கம்பெனி கணக்கே பேசுறீங்க, ஊர் கணக்கையும் ஒரு வரி. கடோரே பக்கத்துல லோங்கரோனேன்னு ஒரு ஊர், 1963 அக்டோபர் 9 ராத்திரி வையோந்த் அணையோட நீர்த்தேக்கத்துக்குள்ள மலை சரிஞ்சு தண்ணி பொங்கி வந்ததுல கிட்டத்தட்ட 2000 பேர் போயிட்டாங்க. மறுபடி ஊரக் கட்டினப்ப தொழில் வரட்டும்னு சலுகை கொடுத்தாங்க, கண்ணாடி ஃபேக்டரிங்க வந்துச்சு, சஃபிலோவும் அங்க பெருசா நடத்துச்சு. டியோருக்குச் சொந்தக்காரங்களான எல்விஎம்எச்சும் கெரிங் மாதிரியே பேர திருப்பி எடுத்துக்கிட்டு தெலியோஸ்னு சொந்தக் கம்பெனி ஆரம்பிச்சுது, ஃபேக்டரி போட்டது எங்க தெரியுமா, அதே லோங்கரோனேல! டியோர் போகுதுன்னு தெரிஞ்சதும் 2019 டிசம்பர்ல சஃபிலோ இத்தாலில 700 பேர் வேலைய குறைக்கப் போறோம்னு அறிவிச்சுது. அப்புறம் 2023ல லோங்கரோனே ஃபேக்டரியையே கைமாத்தி விட்டாங்க, வாங்கினவங்கள்ல தெலியோஸும் ஒண்ணு.

சோடாபுட்டி

யப்பா, ஒரு சீட்டுக்குப் பின்னாடி இவ்ளோ இருக்கா. அப்போ குடும்பம் இன்னும் கைல வச்சிருக்கிற கண்ணாடிக் கம்பெனின்னு ஒண்ணுமே இல்லையா?

கண்ணாடிக்காரன்

இருக்கே, நியூயார்க் மாஸ்கட். 1899ல ஹைமன் மாஸ்கட் ஆர்ச்சர்ட் தெருவுல தள்ளுவண்டில கண்ணாடி வித்தார், 1915ல கடை போட்டார், இப்போ அஞ்சாவது தலைமுறை. ஃப்ரேம்ல போடறதும் குடும்பப் பேருதான், வாடகைப் பேர் இல்ல.

உங்க பழைய ஃப்ரேம் சைட மெதுவா வெளிப்பக்கம் வளைச்சுப் பாருங்க, ஸ்பிரிங் இருக்கா?

சோடாபுட்டி

இருக்கு ப்ரோ, டக்குனு திரும்பி வந்துருச்சு 😄 புதுசு வாங்கல, பழசுக்கே லென்ஸ் மாத்திக்கிறேன்.