ஊறி உப்பின விதையெல்லாம் முளைக்குமா? உங்க அனுபவத்த சொல்லுங்க

நானே ஆரம்பிக்கிறேன், திருவாரூர் பக்கம் நாங்க. போன சம்பாவுக்கு வீட்டுல கெடந்த பழைய விதை நெல்லு 30 கிலோ இருந்துச்சு. முட்டை மெதக்குற அளவுக்கு கல்லுப்பு கரைச்சு பதரெல்லாம் அள்ளி எறிஞ்சுட்டு, நல்ல தண்ணில மூணு தடவ அலசி 24 மணி நேரம் ஊறப் போட்டேன். நெல்லு நல்லா உப்பி நகத்தால அழுத்துனா நசுங்குச்சு, சரி விதை தண்ணி குடிச்சிடுச்சுன்னு சாக்குல கட்டி வைக்கோல மூடி மூட்டம் போட்டாச்சு. மறுநாள் பிரிச்சா புளிச்ச வாடை, கொழகொழன்னு கை வைக்க முடியல, நூத்துல இருபது கூட முளை விடல. நாத்தங்கால் உழுது ரெடியா கெடக்கு, எனக்கு அழுகையே வந்துடுச்சு.

அப்புறம் வேளாண் துறை ஆபீசர் ஒருத்தர்தான் புரிய வெச்சாரு. தண்ணி குடிக்க விதைக்கு உசுரே வேணாமாம், மழைக்காலத்துல மரக்கதவு உப்பி இறுகுதே அதே கதைதான், உள்ள காஞ்சு கெடக்குற மாவுச்சத்தும் புரதமும் தண்ணிய இழுத்துக்குது, செத்த விதையும் இழுக்கும். 12, 13 சதவீத ஈரத்துல இருந்த நெல்லு 30 கிட்ட போனதும் எடை கூடாம நின்னுடும், அந்த நிக்கிற நேரத்துலதான் உசுருள்ள விதைக்குள்ள நொதி வேலை செஞ்சு மாவு சர்க்கரையா மாறுது, வேர் வெளிய வந்தப்புறம் மறுபடி குடிக்க ஆரம்பிக்கும். செத்தது அந்த நடுக்கட்டத்தோட சரி. இப்பல்லாம் மொதல்ல 100 நெல்லு எண்ணி ஈரச்சாக்குல சுருட்டி வெச்சுப் பாக்குறேன், 80 முளைக்கலன்னா விதைக்க எடுக்கறதில்ல, சான்று விதைக்கே அதான் கணக்கு.

*

எனக்கு நேர் எதிரா நடந்துச்சுண்ணே. பசுந்தாள் உரத்துக்கு கொழுஞ்சி ராத்திரி பூரா ஊறப்போட்டேன், காலைல பாத்தா பாதிக்கு மேல போட்ட மாதிரியே கல்லாட்டம் கெடந்துச்சு. செத்த விதைன்னு கொட்டப் போனேன், மாமியார்தான் தடுத்தாங்க. ஆத்து மணல் கலந்து உரல்ல போட்டு லேசா தேச்சாங்க, அப்புறம் ஊறப்போட்டா உப்பி வந்துடுச்சு. தோலு மேல மெழுகு மாதிரி இருக்கறதால தண்ணி உள்ளயே போகல, உசுரு பத்திரமா இருந்திருக்கு! உளுந்துலயும் கல்லு உளுந்து வருமே, ஆட்டும்போது டக்குன்னு சத்தம் போடும், அதுவும் இந்த ஜாதிதான்.

*

அக்கா சொன்னது தோலு கெட்டியா இருந்தா. தோலு கிழிஞ்சிருந்தா இன்னும் மோசங்க. எங்க நிலக்கடலைய மெஷின்ல உடைச்சதுல நெறைய பருப்புக்கு தோல் உரிஞ்சிருந்துச்சு, அதையும் சேத்து ஊறவெச்சேன், தண்ணி கலங்கிப்போய் பருப்பு ரெண்டா பொளந்துடுச்சு. தோல்தான் தண்ணிய மெதுவா உள்ள விடுமாம், அது இல்லன்னா ஒரே மூச்சுல குடிச்சு உள்ள இருக்க திசு கிழிஞ்சு சத்தெல்லாம் வெளிய கசிஞ்சுடும். வெதச்ச எடத்துல எறும்பும் பூஞ்சாணமும்தான் மிச்சம். இந்தப் பட்டத்துக்கு கையாலயே உடைக்க ஆள் சொல்லியிருக்கேன், கூலி கூடத்தான் ஆகுது.