கைது செய்யாமல் விட்ட தலைவர்: தைவானிடம் கற்க என்ன இருக்கிறது?

கேள்வி

பொது நிர்வாகப் படிப்புக்காகத் தலைமைப் பண்பு குறித்துக் கட்டுரை எழுதி வருகிறேன். பேச்சுரிமையையும் போராட்ட உரிமையையும் தாமாகவே தளர்த்திய தலைவர் என்று தைவானின் முன்னாள் அதிபர் சியாங் சிங்-குவோவைப் பலர் சொல்கிறார்கள். 1949இல் தொடங்கி 38 ஆண்டுகள் நீடித்த இராணுவச் சட்டத்தை 1987 ஜூலை 15 அன்று விலக்கியவர் அவர்தான். ஆனால் இரகசியக் காவல் அமைப்புகளை நெடுங்காலம் தம் கையில் வைத்திருந்தவரும் அவரே. அவரிடம் போய்ப் பாடம் தேடுவது முறையா?

மறுமொழி 1

தயக்கம் நியாயமானதே. ஆளை விட்டுவிட்டு ஒரேயொரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். 1986 செப்டம்பர் 28 அன்று தைப்பேயின் கிராண்ட் ஹோட்டலில் கூடிய எதிரணியினர், புதிய கட்சிகளுக்குத் தடை இருந்தபோதே, ஜனநாயக முற்போக்குக் கட்சியைத் தொடங்கிவிட்டதாக அறிவித்தார்கள். 1979 டிசம்பரில் காவோசியுங் நகரில் நடந்த மனித உரிமை நாள் பேரணிக்காக எதிரணியின் முன்னணியினரை இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்திய அதே அரசு, இம்முறை ஒருவரையும் பிடித்து உள்ளே தள்ளவில்லை. அதிகாரம் முழுவதும் கையில் இருக்கும்போது அதைப் பயன்படுத்தாமல் இருப்பதும் ஒரு முடிவுதான். கட்டுரையில் நான் எழுதுவதானால் அந்த இடத்தில்தான் நின்று எழுதுவேன்.

மறுமொழி 2

"தாமாகவே" என்ற சொல்லை மட்டும் எடுத்துவிடுங்கள், ஐயா. சிறை சென்றவர்களும் தடையை மீறிப் பத்திரிகை நடத்தியவர்களும் தள்ளித் தள்ளித் திறந்த கதவு அது. மேலும், இராணுவச் சட்டம் போன கையோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. 1988இல் வந்த பேரணிச் சட்டம், ஊர்வலத்துக்கு முன் அனுமதி பெற வேண்டும் என்றது. தைவானுக்கான அரசியலமைப்பு வரைவொன்றை வெளியிட்டதற்காகக் கிளர்ச்சிக் குற்றம் சாட்டப்பட்ட பத்திரிகையாளர் செங் நான்-ஜுங், 71 நாட்கள் தம் அலுவலகத்துக்குள்ளேயே இருந்து, 1989 ஏப்ரல் 7 அன்று காவல்துறை கைது செய்ய வந்தபோது தீக்குளித்து இறந்தார். அந்தக் குற்றப்பிரிவு திருத்தப்பட்டது 1992இல்தான். தலைவரின் மனம் இளகினால் போதாது, சட்டப் புத்தகமும் மாற வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

மறுமொழி 3

இருவரும் சொல்வதில் உண்மை உண்டு. ஆயினும் உங்கள் தலைப்புக்கு இன்னும் பொருத்தமான காட்சி 1990 மார்ச்சில் இருக்கிறது. 1947இல் சீனப் பெருநிலத்தில் தேர்வானவர்கள் அப்போதும் தேசியப் பேரவையில் அமர்ந்திருந்தார்கள். அதைக் கலைக்கக் கோரி, தைப்பேயின் நினைவு மண்டபத் திடலில் ஆயிரக்கணக்கான மாணவர்கள் காட்டு லில்லிப் பூவின் உருவத்தை நிறுவி உட்கார்ந்துவிட்டார்கள். முந்தைய ஆண்டு ஜூனில் பெய்ஜிங்கில் மாணவர் போராட்டத்தை இராணுவம் நசுக்கியதை யாரும் மறந்திருக்கவில்லை. சியாங்குக்குப் பின் அதிபரான லீ டெங்-ஹுய், அதே பேரவை தம்மை அதிபராகத் தேர்ந்தெடுத்த மார்ச் 21 மாலையிலேயே மாணவர் பிரதிநிதிகளை மாளிகைக்கு வரவழைத்துப் பேசினார். அரசியல் சீர்திருத்தம் பற்றிப் பேச தேசிய விவகார மாநாடு கூட்டுவதாக உறுதியளித்தார். மாணவர்கள் மறுநாள் கலைந்தார்கள். மாநாடும் அவ்வாண்டுக் கோடையிலேயே கூடியது. பழைய உறுப்பினர்களின் பதவிக்காலம் 1991 இறுதியோடு முடிந்தது. கேட்டுக்கொண்டு மறந்துவிடும் தலைவர்களை நாம் நிறையப் பார்த்திருப்பதால், இந்தத் தேதிகளை வரிசையாக எழுதினாலே போதும் என்று நினைக்கிறேன்.

கேள்வி கேட்டவர்

நன்றி. சியாங்கை முதல் பத்தியோடு நிறுத்திக்கொண்டு, மார்ச் 21 மாலையிலிருந்து கட்டுரையைத் தொடங்கிப் பார்க்கிறேன்.