இடிக்கப்பட்ட தெருவில் அப்பாவின் பழைய வீடு: எப்படித் தேடுவது?

கேள்வி: அப்பா வளர்ந்த தெரு இன்று இல்லை; மேம்பாலம் வந்துவிட்டது. 1960களின் தெருப் பெயரும் கதவு எண்ணும் தெரியும். எங்கிருந்து தொடங்கலாம்?

பதில் 1: கதவு எண்ணை மட்டும் நம்பிப் போகாதீர்கள், இடையில் மாற்றியிருக்கலாம். வெவ்வேறு ஆண்டுகளின் வாக்காளர் பட்டியல்களை எடுத்து, அக்கம்பக்கத்தார் பெயர் வரிசையை ஒப்பிடுங்கள். ஆட்கள் அதே வரிசையில் இருந்து எண் மட்டும் மாறியிருந்தால், மறுஎண் இட்டது அந்த இடைவெளியில்தான். வீட்டு வரிப் பதிவேடு கிடைத்தால் அதில் உறுதிசெய்யலாம்.

பதில் 2: அமெரிக்காவின் கொரோனா உளவுச் செயற்கைக்கோள்கள் 1960 முதல் 1972 வரை எடுத்த படங்கள் 1995இல் பொதுவெளிக்கு வந்தன. அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் (யூஎஸ்ஜிஎஸ்) எர்த் எக்ஸ்ப்ளோரர் இணையதளத்தில் தேடுங்கள். 1967க்குப் பிந்தைய கேஎச்-4பி என்ற கேமரா வகையின் படங்கள்தான் இதற்கு ஏற்றவை: தெளிவு சுமார் 2 மீட்டர், தெருக்கள் நன்றாகவே பிடிபடும். க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் முழுப் படப் பட்டையையும் இன்றைய வரைபடத்தோடு பொருத்த முயன்றால் சரியாக உட்காராது. கேமரா பக்கவாட்டில் சுழன்று எடுத்ததால் ஓரங்கள் இழுபட்டிருக்கும். உங்கள் பகுதியை மட்டும் வெட்டி, அதைச் சுற்றி, பழைய படத்திலும் இன்றைய வரைபடத்திலும் தெரியும் ஏழெட்டுப் பொதுப் புள்ளிகள் வையுங்கள். ரயில் பாலம், பழைய கட்டட மூலை சரி. மரமும் ஆற்றங்கரையும் வேண்டாம்.

பதில் 3: மேம்பாலத்துக்கான நில எடுப்பு அறிவிப்பையும் அரசிதழில் பாருங்கள். சர்வே எண், பரப்பு, உரிமையாளர் பெயர் இருக்கும். வாடகைக்குக் குடியிருந்தால் அப்பா குடும்பத்தின் பெயர் வராது, வீட்டுக்காரர் பெயரில் தேடுங்கள். அப்பாவிடம் வீடு எங்கே என்று கேட்பதைவிட, பள்ளிக்கு எந்த வழியாக நடந்தீர்கள் என்று கேளுங்கள். திருப்பங்கள் வரிசையாக வரும்.