எரிப்பதை நிறுத்திவிட்டோம், இப்போது வாளி நாறுகிறது. வழி சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். இத்தனை வருஷமாக வீட்டுக்குப் பின்னால் குப்பையைக் குவித்துத் தீ வைத்துக்கொண்டிருந்தோம். போன மாதம் அதில் பழைய பிவிசி குழாய்த் துண்டும் சேர்ந்து எரிந்து வீடெல்லாம் புகை. அதிலிருந்து டையாக்சின் என்ற நச்சுப்பொருள் வரும் என்று அப்புறம்தான் படித்தேன். அன்றோடு எரிப்பதை விட்டாயிற்று.

காகிதம், அட்டை, பாட்டில் எல்லாம் பழைய பொருள் எடுப்பவரிடம் போய்விடுகின்றன. சமையலறைக் கழிவை மக்க வைத்து உரமாக்குவதுதான் படுத்துகிறது. மூடி போட்ட பிளாஸ்டிக் வாளியின் அடியில் நான்கு துளை போட்டு நிரப்பி வருகிறேன். மூன்றாவது வாரம் திறந்தால் அழுகிய முட்டை நாற்றம்! கிளறினால் கொழகொழவென்று குச்சியோடு வருகிறது. ஈரம் கூடி, காற்றுப் போகவில்லை என்பது புரிகிறது. காய்ந்த இலையைக் கழிவைப் போல இரண்டு மூன்று மடங்கு போட வேண்டுமாம். சரி, அப்புறம் வாளியில் இடம் ஏது? பக்கவாட்டிலும் துளை போடலாமா? இப்போது இருப்பதைக் கொட்டிவிடுவதா, காப்பாற்ற முடியுமா?

இன்னொன்று, உள்பக்கம் வெள்ளியாக மின்னும் நொறுக்குத்தீனிப் பொட்டலங்கள். பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒட்டியிருப்பதால் யாரும் எடுப்பதில்லை. அவற்றை என்ன செய்கிறீர்கள்? (வாங்காதே என்று மட்டும் சொல்லாதீர்கள், வீட்டில் பிள்ளைகளிடம் சொல்லிப் பார்த்தாயிற்று.)